புழு எங்கே போச்சு? பூச்சிகளின் உருமறைப்பைச் சிறு குழந்தைகளுக்கு வெளியில் விளையாடிக் காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

இது 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கானது. வீட்டுத் தோட்டமோ, அபார்ட்மென்ட் வளாகத்தின் ஓரமோ, பள்ளி மைதானத்தில் யாரும் வெட்டாமல் விட்ட மூலையோ, எது கிடைத்தாலும் போதும். காடு தேவையில்லை.

புதிதாக நடத்துகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகளை நேராகச் செடிப்பக்கம் கூட்டிப்போய் "எங்கே, பூச்சியைக் கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு குழந்தைக்கு ஏதோ கிடைக்கும், மற்றவர்கள் முண்டியடிப்பார்கள், இலை கிழியும், பூச்சி நசுங்கும், பின்னால் நிற்கிற மூன்று பேர் கல் பொறுக்கப் போய்விடுவார்கள். பழகாத கண்ணுக்கு ஒளிந்திருக்கும் பூச்சி தெரியாது, உருமறைப்பு என்பதே அதுதான். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் குழந்தை பறவையாக இருந்து தேட வேண்டும், அப்புறம் பூச்சியாக இருந்து ஒளிய வேண்டும், நிஜப் பூச்சி கடைசியில்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கட்டத்திலும் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி "எத்தனை பிடித்தாய்?" என்பதில்லை, "பிடிபடாமல் மிஞ்சியது எது?" என்பதுதான். பாடம் மிஞ்சியதில் இருக்கிறது. பிடித்ததை எண்ண ஆரம்பித்தால் அது ஓட்டப்பந்தயமாகிவிடும்.

1. முந்தின நாளே இடத்தைப் போய்ப் பாருங்கள்

எந்த நேரத்தில் நடத்தப் போகிறீர்களோ அதே நேரத்தில் போங்கள். வெயில் விழும் பக்கம், நிழல், எறும்பு எல்லாமே நேரத்துக்கு நேரம் மாறும். காலை 7 முதல் 9 வரை, இல்லாவிட்டால் மாலை 4 மணிக்கு மேல் நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்கிற டிசம்பர், ஜனவரியில் புல்லும் இருக்கும், புழுவும் நிறைய இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் நடத்தலாம், ஆனால் தரை காய்ந்து பழுப்பாக இருக்கும் என்பதால் நூலின் நிறத்தை மாற்ற வேண்டிவரும்.

எந்தச் செடி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, மா, ஆமணக்கு, கருவேலம், எருக்கு இவற்றில் இரண்டு இருந்தாலே பிழைத்துக்கொள்ளலாம். இலையில் கடித்த ஓட்டையும் அதன் கீழே மிளகு மாதிரி எச்சமும் கிடந்தால் மேலே எங்கோ புழு இருக்கிறது. எந்தக் கிளை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆபத்தானவற்றையும் பார்த்துவிடுங்கள். முருங்கையில் கம்பளிப்பூச்சி கூட்டமாக இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். மாமரத்தில் முசுறு கூடு கட்டியிருக்கிறதா, வேலியோரம் காஞ்சொறியோ பார்த்தீனியமோ இருக்கிறதா என்று பாருங்கள். கல் குவியல், ஓட்டுக் குவியல், அடர்ந்த சருகு இருக்கும் இடங்களில் பாம்பும் தேளும் இருக்கலாம் என்பதால் அவற்றை விளையாட்டு எல்லைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

உல்லன் நூல் நான்கு நிறம்: பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள். ஒவ்வொன்றிலும் 4 செ.மீ. நீளத்தில் 20 துண்டு, மொத்தம் 80. எண்ணி வெட்டுங்கள். கடைசியில் எத்தனை மிஞ்சியது என்று கண்டுபிடிக்க இந்தக் கணக்கு தேவை.

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கடையில் பச்சை நூல் கேட்டால் பளீரென்ற கிளிப்பச்சையைத் தருவார்கள், அது புல்லின் மேல் சிவப்பைவிடவும் கண்ணைப் பறிக்கும், விளையாட்டு கவிழ்ந்துவிடும். உங்கள் இடத்துப் புல் ஒரு கொத்தும், மண் ஒரு பிடியும் கையோடு கொண்டுபோய் நூலை அதன் மேல் வைத்து, நாலடி தள்ளி நின்று பார்த்து வாங்குங்கள். பச்சை கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும்.

இவை தவிர, ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம், வெள்ளைக் காகிதம், மெழுகுக் கலர், கத்தரிக்கோல், ஒரு பிடி சோறு (பசைக்கு), எல்லை போட ஒரு கயிறு, ஒரு பூதக்கண்ணாடி, பழைய வெள்ளை வேட்டி ஒன்று, ஒட்டுகிற டேப், சோப்பு, தண்ணீர். குழந்தைகளை ஷூவோடும் முழுக்கைச் சட்டையோடும் வரச் சொல்லுங்கள். ஒரு பெரியவருக்கு 6 குழந்தைகள், மிஞ்சினால் 8. அதற்கு மேல் போனால் நிஜப் பூச்சியைத் தேடும்போது கட்டுப்படுத்த முடியாது.

3. விதிகள் மூன்றே மூன்று

கண்ணால் பார்ப்போம், கையால் தொட மாட்டோம். கயிற்றைத் தாண்ட மாட்டோம். பார்த்ததைக் கத்தாமல் வந்து காதில் சொல்வோம்.

மூன்றாவது விதிக்குக் காரணம் அமைதி மட்டும் கிடையாது. ஒரு குழந்தை "இதோ!" என்று கத்திவிட்டால் மற்ற ஐந்து பேரின் தேடலும் அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் பார்ப்பது பூச்சியை இல்லை, காட்டப்பட்ட விரலை.

4. நூல்புழு வேட்டை

புல்தரையில் நீளமும் அகலமும் உங்கள் காலடியில் 5 எட்டு இருக்கும்படி கயிற்றைப் போடுங்கள். இடம் பெரிதாக இருந்தால் யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும், நிறம் இல்லை. குழந்தைகள் வருவதற்கு முன்பே 80 துண்டுகளையும் கலந்து, நின்றபடியே தூவிவிடுங்கள். குனிந்து ஒவ்வொன்றாக வைத்தால் நம்மை அறியாமல் பச்சையை மட்டும் புல்லுக்குள் செருகிவிடுவோம்.

"நீங்கள் எல்லாரும் மைனா. கூட்டில் குஞ்சு பசியோடு இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுதான் அலகில் பிடிக்கும். கொண்டுபோய்க் கூட்டில் போட்டுவிட்டுத் திரும்பி வரணும்." கிண்ணம்தான் கூடு, அதை எல்லைக்கு நாலடி வெளியே வையுங்கள். இரண்டு விரலைச் சேர்த்து அலகாக்கிக்கொள்ளச் சொன்னால் அள்ளுகிற பழக்கம் தானாகக் குறையும்.

ஒரு நேரத்தில் ஒன்று என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். கை நிறைய அள்ள விட்டால் குழந்தை ஓரிடத்தில் உட்கார்ந்து தடவித் தடவி எல்லாவற்றையும் எடுத்துவிடும். ஓடிப்போய்த் திரும்பி வரும்போதுதான் கண்ணில் முதலில் எது படுகிறதோ அதை நோக்கி ஓடும். பறவைக்கும் அப்படித்தான்.

பாதி, அதாவது சுமார் 40 துண்டு, பிடிபட்டதும் நிறுத்துங்கள். எல்லாம் தீரும்வரை விட்டால் மிஞ்சியது என்று எதுவும் இருக்காது, கேட்க ஒரு கேள்வியும் இருக்காது.

இப்போது எல்லாரையும் உட்காரவைத்து, பிடித்த நூல்களை நிறவாரியாகத் தரையில் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். 5 வயதுக் குழந்தைக்கு எண் சொன்னால் புரியாதது, சிவப்பு வரிசை நீளமாகவும் பச்சை வரிசை குட்டையாகவும் இருப்பதைப் பார்த்தால் உடனே புரியும். "பச்சை ஏன் கொஞ்சமா இருக்கு? பச்சையை நான் கம்மியா போட்டேனா?" என்று கேளுங்கள். பலர் ஆமாம் என்பார்கள். சரிசமமாகத்தான் போட்டோம் என்று சொல்லி, திரும்பப் புல்லுக்குள் போய்த் தேடச் சொல்லுங்கள். தங்கள் காலடியிலேயே பச்சை நூல் கிடந்ததைக் கண்டுபிடிக்கும்போது வரும் கூச்சல் இருக்கிறதே, அந்த இடத்தில் விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

ஒரு எச்சரிக்கை. சில குழந்தைகளுக்கு, முக்கியமாகச் சில ஆண் குழந்தைகளுக்கு, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஒரு பையன் சிவப்பை விட்டுவிட்டு மஞ்சளாகவே பொறுக்கி வந்தால் கேலி செய்ய விடாதீர்கள். அவன் கண்ணுக்கு அந்தச் சிவப்புப் புழு நன்றாக ஒளிந்திருக்கிறது, அதையே எல்லாருக்கும் சொல்லலாம்: யார் கண்ணுக்கு என்பதைப் பொறுத்தது ஒளிவது. பெற்றோரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

7, 8 வயதுக்காரர்கள் என்றால் இன்னொரு படி போகலாம். புல்லில் மிஞ்சிய ஒவ்வொரு நூலுக்கும் அதே நிறத்தில் ஒரு 'குட்டி' சேர்த்துத் தூவி, மறுபடி வேட்டை. இப்படி மூன்று சுற்று போனால் சிவப்பு கிட்டத்தட்டக் காணாமல் போய், புல்லெங்கும் பச்சை, பழுப்புதான் இருக்கும். எந்த நூலும் நிறம் மாறவில்லை, கூட்டம்தான் மாறியது. இதற்குக் கூடுதல் நூல் வெட்டி வைத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம், குழம்பிவிடுவார்கள்.

முடிந்ததும் 80 துண்டையும் பொறுக்கி எண்ணிவிடுங்கள், குட்டிகள் சேர்த்திருந்தால் அவற்றையும். கடை நூல் பெரும்பாலும் செயற்கை இழை, மக்காது. பறவைகள் கூடு கட்ட எடுத்துப்போனால் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும்.

5. அதே நூல், வேறு தரை

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், தாண்டவே கூடாத கட்டமும் இதுதான். இதைச் செய்யாவிட்டால் குழந்தைகள் "பச்சைப் பூச்சி ஒளிஞ்சுக்கும், சிவப்புப் பூச்சி மாட்டிக்கும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அதே நூல்களைச் செம்மண் தரையிலோ, சருகு கொட்டிக் கிடக்கும் மரத்தடியிலோ தூவுங்கள் (சருகை நீங்கள் முதலில் ஒரு நீளக் குச்சியால் தட்டிப் பார்த்துவிடுங்கள்). இங்கே பச்சை சட்டென்று மாட்டும், பழுப்பு தப்பிக்கும். செம்மண்ணில் சிவப்பே சில நேரம் கடைசி வரை மிஞ்சும். சுற்று தொடங்கும் முன் "இங்கே எது ஜெயிக்கும்?" என்று ஒவ்வொருவரையும் சொல்லவைத்துவிடுங்கள். முன்கூட்டியே சொன்ன குழந்தைதான் முடிவைக் கவனிக்கும்.

6. காகித அந்துப்பூச்சி

இப்போது வேடம் மாறுகிறது. ஆளுக்கு ஒரு முக்கோணக் காகிதம் கொடுத்து, விருப்பம்போல் வண்ணம் தீட்டிக்கொண்டு ஒரு மரத்தில் ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். முதல் பூச்சியில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு கண், சிரித்த வாய், ரோஸ் நிற இறக்கை என்று வரும். ஒட்டுவதற்கு நசுக்கிய சோற்றுப் பருக்கை போதும், மரத்தில் ஆணியோ ஸ்டேப்ளர் பின்னோ வேண்டாம். மற்றவர்கள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது பூச்சிக்குத்தான் உதவி. வேப்பமரப் பட்டையின் மேல் காகிதத்தை வைத்து, மெழுகுக் கலரைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பட்டையின் வெடிப்புகள் அப்படியே காகிதத்தில் இறங்கும். அதிலிருந்து முக்கோணத்தை வெட்டி, அதே மரத்தில் ஒட்டட்டும். கொய்யா மரம் இருந்தால் அதன் பட்டை உரிந்த திட்டுத்திட்டான நிறங்களைப் பார்த்துத் தீட்டச் சொல்லுங்கள்.

இங்கே இரண்டு தவறு நடக்கும், நடக்கட்டும். ஒன்று, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்பதால் கீழே நிழல் விழுந்து பூச்சியைக் காட்டிக்கொடுக்கும். பட்டையில் உட்காரும் அந்துப்பூச்சிகள் பல இறக்கையைத் தட்டையாக ஒட்டவைத்துக்கொள்வது இதனால்தான். இன்னொன்று, வெடிப்பு மேலும் கீழுமாக ஓடும் மரத்தில் கோடுகள் குறுக்கே இருக்கும்படி ஒட்டுவது. பல அந்துப்பூச்சிகள் பட்டையின் கோட்டோடு தங்கள் கோடு ஒத்துப்போகும்படி உடலைத் திருப்பி உட்காரும். இதை நீங்கள் விளக்க வேண்டாம். "கொஞ்சம் திருப்பி வெச்சுப் பாரேன்" என்றால் போதும்.

7. அசையாத ஆட்டம்

நிறம் எவ்வளவு பொருந்தினாலும் அசைந்தால் தீர்ந்தது. குழந்தைகள் செடிகளுக்கு நடுவே பரவி நிற்கட்டும், ஒருவர் செம்போத்து. செம்போத்து முதுகைத் திருப்பியிருக்கும்போது நகரலாம், திரும்பினால் உறைந்துவிட வேண்டும், அசைந்தவர் பிடிபடுவார். இரண்டு மூன்று சுற்று போதும், இது ஏற்கெனவே அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம்தான்.

முடித்தவுடன் ஒரு கேள்வி: காற்றில் செடியே ஆடினால் அசையாமல் நிற்பவன் தெரிவானா, மாட்டானா? குச்சிப்பூச்சிகளும் சில கும்பிடு பூச்சிகளும் காற்றில் குச்சி ஆடுவதுபோல் முன்னும் பின்னும் ஆடும். அப்படியே ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். ரொம்பப் பிடிக்கும்.

8. நிஜப் பூச்சி

இப்போது கண் பழகியிருக்கும். ஆனாலும் "தோட்டத்தில் தேடுங்கள்" என்று அவிழ்த்துவிடாதீர்கள். இரண்டு குழந்தைக்கு ஒரு கிளை. தொடாமல், பேசாமல், மெதுவாக நூறு வரை எண்ணும் நேரம் அதையே பார்க்க வேண்டும். இலையின் மேல், இலையின் அடி, காம்பு சேரும் இடம், குச்சி என்று வரிசையாகக் கண்ணை ஓட்டச் சொல்லுங்கள். ஒழுங்கில்லாமல் பார்க்கிற குழந்தை ஒரே இலையைப் பத்துத் தடவை பார்க்கும்.

கறிவேப்பிலை, எலுமிச்சையில்: இலையின் மேல் காக்கை எச்சம் மாதிரி, பழுப்பில் வெள்ளைத் திட்டோடு ஒன்று இருக்கும். அது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. அதே புழு வளர்ந்து கடைசித் தடவை தோலுரித்த பிறகு பச்சையாகிவிடும். இரண்டும் ஒரே செடியில் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோலச் சிவந்த ஒன்றை நீட்டும், நாற்றமும் வரும். அதைப் பார்ப்பதற்காகவே சீண்டக் கூடாது.

மாவிலையில்: நடுநரம்பின் மேல் நீளவாக்கில் படுத்திருக்கும் ஒரு பச்சைப் புழு. அதன் முதுகில் ஓடும் வெளிறிய கோடு இலையின் நடுநரம்பாகவே தெரியும், இரு பக்கமும் இறகுபோல் விரிந்த முட்கள் உடலின் ஓரத்தையே அழித்துவிடும். கண்டுபிடிக்கக் கடினமானது, ஆமணக்கு இலையில் தேடிக் கொஞ்சம் பழகியவர்களுக்கு இதைக் கொடுங்கள்.

கருவேல மரத்தின் இளங்கிளையில்: முள் வரிசையில் ஒரு முள் நடந்தால் அது முள் பூச்சி. எறும்புகள் மேலும் கீழுமாகப் போய்வரும் கிளையாகப் பாருங்கள். இந்தப் பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சுற்றியே இருக்கும்.

சருகில்: மாலையில் காலடிக்கு முன்னால் ஒரு காய்ந்த இலை எழும்பிப் பறந்து திரும்பச் சருகிலேயே விழுந்து மறையும். இதுவும் வண்ணத்துப்பூச்சிதான். விழுந்த இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே கிட்டப் போக வேண்டும், ஓடினால் போச்சு.

கிளையில் எதுவும் கிடைக்காதவர்களுக்கு வேட்டி இருக்கிறது. கிளைக்குக் கீழே விரித்துப் பிடித்து, நீங்கள் கிளையை இரண்டே தடவை மெதுவாக உலுக்குங்கள். இலையில் தெரியாத சிலந்தி, வெட்டுக்கிளிக் குஞ்சு, வளைந்து வளைந்து நடக்கும் புழு எல்லாம் வெள்ளைத் துணியில் பளிச்சென்று தெரியும். நூறு எண்ணும்வரை பார்த்தும் தெரியாதது இப்போது ஏன் தெரிகிறது என்று கேளுங்கள், தரையை மாற்றினோம் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பார்த்ததும் துணியைச் செடியடியில் உதறிவிடுங்கள். இதை முதலிலேயே செய்தால் கண்ணால் தேடும் பொறுமை யாருக்கும் வராது, அதனால் கடைசியில்.

யார் மீதாவது கம்பளிப்பூச்சி பட்டுவிட்டால் தேய்க்க விடாதீர்கள், முடி இன்னும் உள்ளே இறங்கும். டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம்.

9. ஒளியாத பூச்சி

எருக்கஞ்செடி இருந்தால் அதைக் கடைசியில் காட்டுங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இலையின் மேலேயே எல்லாருக்கும் தெரியும்படி உட்கார்ந்திருக்கும். இத்தனை நேரம் ஒளிவதைப் பற்றியே பேசிய குழந்தைகள் "இது ஏன் ஒளியல?" என்று தாங்களே கேட்பார்கள். எருக்கம்பாலின் நஞ்சு புழுவின் உடம்பிலும் சேர்ந்திருப்பதால் அதைத் தின்ற பறவைக்கு ஒவ்வாது, அடுத்த முறை அந்தப் பட்டைகளைப் பார்த்தாலே விலகிவிடும். எருக்கு இலையைக் கிள்ள விடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.

10. உட்கார்ந்து பேசும்போது

கை கழுவிய பிறகு, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். பூச்சியை மட்டும் வரைந்தால் போதாது, அது உட்கார்ந்திருந்த இலையோடு வரைய வேண்டும். வெறும் வெள்ளைத்தாளில் வரைந்த பூச்சி ஒளிந்திருக்காதே.

நாமும் பேச்சில் கவனமாக இருக்க வேண்டும். "புழு பயந்துபோய்ப் பச்சையாக மாறிக்கொண்டது" என்று கதைபோலச் சொல்லிவிடுவோம், அது மனதில் ஒட்டிக்கொண்டு பிறகு அழியவே அழியாது. "பச்சையாகப் பிறந்தது பறவை கண்ணில் படாமல் தப்பித்தது, அதுக்குக் குட்டிகளும் பச்சை" என்று சொன்னால் 5 வயதுக்கும் புரியும். நூல் விளையாடிய குழந்தைக்கு இன்னும் எளிதாகப் புரியும். உருமறைப்பு என்ற பெயரையும் இங்கேதான் சொல்லுங்கள், முதலில் சொன்னால் அதை ஒப்பிப்பார்கள், பார்க்க மாட்டார்கள். சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடலாம்.

மொத்தத்தையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். 4, 5 வயதுக்கு ஒரு மணி நேரமே அதிகம். 4, 5 எண் கட்டங்கள் ஒரு நாள், 6, 7 ஒரு நாள், 8, 9 ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

11. "இந்தப் புழுவை வீட்டுக்குக் கொண்டு போகலாமா?"

நிச்சயம் யாராவது கேட்பார்கள். கறிவேப்பிலைப் புழு என்றால், அதுவும் வளர்ந்து பச்சையான பிறகு, ஒன்றே ஒன்றைப் பள்ளியிலோ வீட்டிலோ வளர்க்கலாம். கிளையோடு ஒடித்து, சின்னப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு இறங்கித் தண்ணீரில் விழும். மேலே கொசுவலைத் துணி. மருந்து அடித்த கடைக் கறிவேப்பிலை கூடவே கூடாது, புழு செத்துப்போகும்.

கூட்டுப்புழுவானதும் அதன் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சைத் தண்டில் ஒட்டினால் பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் ஒட்டினால் பழுப்பாகவும் இருக்கும். அதற்காகவே உள்ளே இரண்டு காய்ந்த குச்சியும் போட்டு வையுங்கள். சுமார் 10 நாளில் வண்ணத்துப்பூச்சி வரும், இறக்கை விரிந்து காயும்வரை தொடாமல் இருந்து அன்றே திறந்துவிட வேண்டும். சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவியோ ஈயோ வெளியே வரும். புழுவின் மேலோ உள்ளேயோ அவற்றின் தாய் முன்பே முட்டையிட்டிருக்கும். குழந்தைகளிடம் அதை மறைக்காதீர்கள், கூட்டைத் தூக்கியும் போடாதீர்கள். பறவைக்குத் தெரியாமல் ஒளிந்த புழுவை அந்தக் குளவி எப்படிக் கண்டுபிடித்தது என்று அவர்களே கேட்பார்கள். பல குளவிகள் கண்ணைவிட வாசனையை நம்பித் தேடுகின்றன என்று சொல்லுங்கள், அடுத்த வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு கறிவேப்பிலை, எலுமிச்சை, துளசி இலைகளை மோந்து கண்டுபிடிக்கும் விளையாட்டை வைத்துக்கொள்ளலாம்.